அணைக்கக் கூடாத மிஷின்

அமலாவின் அம்மா லூர்துமேரியைச் சுப்பராயலு தன் வீட்டு கேட்டுக்கு வெளியே நிறுத்தியபோது காலை பதினோரு மணி. போகலாம் என்று சொன்னபோது மூன்று. வைகாசி வெயில். நடுவில் ஒரு தடவை அவர் மனைவி வீரம்மாள் வந்து, கலர் குடித்துத் தீர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கேட் கம்பிமேல் வைத்துவிட்டுப் போனாள். குடித்ததும் பாட்டிலை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு என்றும் சொன்னாள்.

லூர்துமேரி அவர்கள் கொல்லை நிலத்தில், சித்திரையில் போட்ட மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவள். பாதி வரப்பில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கையில் களைக்கொட்டோடு வந்தாள். செருப்பைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தார் ரோட்டில் கால் வைக்க முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"உன் பொண்ணு எங்க மிஷின தூக்கிக்கினு ஓடிட்டா. அவ வர்ற வரைக்கும் நீ இங்கியே நில்லு." சுப்பராயலு அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

அமலா ஓடவில்லை. விழுப்புரத்தில் இருந்தாள். அந்த மிஷினைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு போ என்று அனுப்பியதே சுப்பராயலுவின் மகன் ஜெகதீசன்தான்.

கிளியனூரில் பஸ் ஸ்டாப்பிங்குக்கு எதிரே ஜெகதீசன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், காலேஜுக்கு அப்ளிகேஷன், எல்லாம் அங்கேதான். ஒரே ஒரு மிஷின். அமலா பி.சி.ஏ. முடித்த கையோடு அதன் முன்னால் உட்கார்ந்தவள், நாலு வருஷம் எழுந்திருக்கவில்லை. ஜெகதீசன் காலையில் வந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டு புல்லட்டை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுக்கத் தெரியாது.

சிஸ்டம் செய்த கம்பெனிக்காரன் மாதம் ஒருமுறை, அதில் கண்டுபிடித்த ஓட்டைகளுக்கெல்லாம் ஒட்டுப் போட்டு நெட் வழியாக அனுப்புவான். அவனுக்கு அது மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. நமக்கு விடிந்தால் புதன். அந்தப் புதன்களில் மட்டும் அமலா ஏழரை மணிக்கே வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, அப்டேட்டை ஓடவிடுவாள். இறங்கி முடித்து, மிஷின் தானாக அணைந்து, தானாக ஏறும். நீலத் திரையில் இருபது சதம், முப்பது சதம் என்று எண் ஏற ஏற, தூக்கில் கொண்டுவந்த கேப்பைக் கூழைப் பச்சை மிளகாயோடு குடித்துக்கொண்டிருப்பாள். ஒன்பது மணிக்கு ஆட்கள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நாலு வருஷத்தில் ஒரு மாதம் தவறவிட்டதில்லை.

போன தை மாதம் பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்த சுப்பராயலு பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மே, மிஷின அணைச்சி வச்சிருக்க?"

"அணைக்கலீங்கய்யா. அப்டேட் ஓடுது. அதுவே அணைஞ்சி அதுவே ஏறும்."

"மணி இன்னா ஆவுது?"

"ஏழே முக்காலுங்க."

"புதங்கெழம ஏழரைலேர்ந்து ஒம்பது வரைக்கும் இன்னா?"

அமலாவுக்குத் தெரியவில்லை. திரையில் நாற்பத்திரண்டு சதம்.

"எமகண்டம்!" சுப்பராயலு பால் தூக்கைக் கீழே வைத்தார். "நல்ல நேரம் பாத்து, தேங்கா ஒடச்சி ஏத்துன மிஷினு அது. அத எமகண்டத்துல அணைச்சி எமகண்டத்துல ஏத்திக்கினு கீற. வெளங்குமா கடை?"

"மாசத்துக்கு ஒரு தபாதாங்கய்யா."

"எமன் இன்னா தெனிக்குமா வர்றான்? அவனும் ஒரு தபாதான் வருவான்."

மத்தியானம் பண்ணுகிறேன் என்றாள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம் என்றார். சாயங்காலம் பண்ணுகிறேன் என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எரிகிற மிஷினை அணைக்கிறவள் எந்த வீட்டுப் பெண் என்று கேட்டார். வியாழக்கிழமை பண்ணட்டுமா என்றதற்கு, ஏற்றினதை அணைப்பதே ஆகாது, கெழமை என்ன கெழமை என்று முடித்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் ஜெகதீசன் கடைக்கு வந்தான்.

"அப்பா கத்துறாரு. அந்த அப்டேட் எழவ நிறுத்து."

"நிறுத்துனா அஞ்சு வாரம்தாண்ணே நிக்கும். அப்புறம் அதுவே ஏறிடும்."

பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஜெகதீசனின் மச்சான் பிரவீன்குமார் சிரித்தான். அங்கே செல்போன் கடையில் இருக்கிறான். "எந்திரி," என்று அமலாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். "கேம் வெளாடுறப்ப எனக்கும் இதே பேஜாருதான் மாமா. வேரோட புடுங்கிடணும்." ஐந்து நிமிஷம். அப்டேட் இறக்குகிற வேலையையே மிஷினுக்குள் செத்துப்போக வைத்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, வேணாம்ணே. ஓட்ட தொறந்தே கெடக்கும்," என்றாள் அமலா.

"நாலு வருஷமா ஒட்டுப் போட்டியே. ஒரு ஓட்டையாவது கண்ணால பாத்தியா?" என்றான் ஜெகதீசன். "கடை சாத்துறப்ப அணைக்காத. தூங்க வச்சிட்டுப் போ. அப்பாவுக்கு நிம்மதி."

அதிலிருந்து மிஷின் அணையவேயில்லை. ராத்திரி தூங்கியது, காலையில் எழுந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதன் நெற்றியில் சுப்பராயலுவே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். தூங்கும்போது அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரியும். உயிர் இருக்கிறது பார் என்று காட்டுவார்.

வைகாசியில் காலேஜ் அட்மிஷன் கூட்டம். ஒரு திங்கட்கிழமை காலையில் மிஷினை எழுப்பினாள் அமலா. சிவப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு கடிதம். உள்ளே இருந்த எல்லாவற்றின் பெயரும் மாறியிருந்தது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள் என்று முந்நூறு பேருக்கு மேல் ஸ்கேன் பண்ணி வைத்திருந்த மார்க் ஷீட்டும் சான்றுகளும் அதற்குள். பணம் அனுப்பினால் திறந்துவிடுகிறேன் என்று எவனோ எங்கிருந்தோ எழுதியிருந்தான். அமலா ஜெகதீசனுக்குப் போன் போட்டாள். விழுப்புரத்தில் தெரிஞ்ச கடை இருக்குது, எடுத்துக்கினு ஜல்தி போ என்றான்.

விழுப்புரம் கடைக்காரர் அரை மணி நேரம் பார்த்தார். "அஞ்சு மாசமா ஒரு பேட்ச்கூட ஏறலியேம்மா. அப்டேட்டயே சாவடிச்சி வச்சிருக்கீங்க. இந்த ஓட்டைய மூட மாசி மாசமே ஒட்டு வந்துச்சி. போட்டிருந்தா இவன் உள்ளாற வந்திருக்க முடியாது. எவன் பண்ண வேல இது?"

எவன் என்று அமலா சொல்லவில்லை. உள்ளே இருந்தது போனது போனதுதான், துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். ஜெகதீசனைக் கேட்காமல் துடைக்க அவளுக்குப் பயம். அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இந்த நேரத்துக்குள் ஜெகதீசன் மெட்ராஸுக்குப் போன் போட்டிருந்தான். ஆபரேட்டர் பென்டிரைவில் வைரஸ் கொண்டுவந்து போட்டிருப்பாள், ஊரார் டாக்குமென்ட்டை எல்லாம் விற்றிருப்பாள், மிஷினையே எடுத்துக்கொண்டு போய்விட்டாளா, அப்போது தடயத்தை அழிக்கத்தான் என்று பிரவீன்குமார் சொன்னான். தன் கை பட்டதை மறைக்க அவனுக்கு வேறு வழியில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னதே தான்தான் என்று ஜெகதீசன் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சுப்பராயலு கொல்லைக்கு ஆள் அனுப்பினார்.

மூன்று மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கியவளிடம் டீக்கடைக்காரர் சொன்னார். மிஷினோடு ஓடினாள். கேட்டுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். உதடு வெடித்திருந்தது. முந்தானை தலையில். ஒரு கால் தரையில், ஒரு கால் அதன்மேல்.

சுப்பராயலு வெளியே வந்து மிஷினை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வந்துட்டியா. இனிமே உங்க ஆத்தா போலாம்."

லூர்துமேரி காலனியில் இருக்கிற வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து கால் நீட்டினாள். பாதம் இரண்டிலும் கொப்புளம். அமலா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவினாள்.

"ஏம்மா நின்ன? வந்துட வேண்டியதுதான?"

"வந்தா, பொண்ணு ஓடிட்டா, ஆத்தாளும் ஓடிட்டான்னுவான்."

"ஒக்காந்திருக்கலாமில்ல?"

"ரெண்டு தபா நெனச்சேன். ஒக்காந்தா ஒத்துக்கினதா ஆயிடும்டி." லூர்துமேரி காலை இழுத்துக்கொண்டாள். "எங்கப்பன் அவன் அப்பன் வாசல்ல நின்னான். அது எனுக்குத் தெரியும். நான் நிக்க மாட்டேன்னுதான் உன்ன படிக்க வச்சேன். உன்னாலதான் நின்னேன் இன்னிக்கி."

அந்த வார்த்தை அமலாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அழுகை வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அந்தச் சுப்பராயலு தலை குனிய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். வேறெதுவும் நினைக்கவில்லை.

மறுநாள் ஜெகதீசன் ஸ்டேஷனில் அவள்மேல் மனு கொடுத்தான். அமலாவுக்கு அது கழுத்தில் கத்தி. விழுப்புரத்தில் ஓர் அரசு ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. காண்டிராக்ட் வேலைதான், இருந்தாலும் வேலை. அவள்மேல் வழக்கு ஒன்றும் இல்லையென்று போலீஸ் சான்று கொடுத்து ஆனி முடிவதற்குள் சேர வேண்டும். அப்பா செத்து எட்டு வருஷம், களைக்கொட்டை வைத்துப் படிக்க வைத்தவள் அம்மா. எஸ்.ஐ. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் வழக்குப் பதிவு பண்ண வேண்டிவரும் என்று அனுப்பினார்.

பால் சொசைட்டி வாசலில் பேச்சு. ஊரிலிருந்து பத்துப் பேர், காலனியிலிருந்து பத்துப் பேர். அமலா விழுப்புரம் கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். அப்டேட்டை நிறுத்தியது யார் என்று சொன்னாள்.

"இன்னா அப்டேட்டு? நான் எதையும் நிறுத்தச் சொல்லல," என்றார் சுப்பராயலு.

"எமகண்டம்னு நீங்கதான கத்துனீங்க?"

"எமகண்டத்துல பால் கறக்காதன்னு மாட்டுக்காரன்கிட்டகூட சொல்லுவேன். அதுக்குன்னு பால நிறுத்தச் சொன்னேனா?" நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அவர் எழுந்து நின்றார். "பேச்சு எதுக்கு? திருவக்கரைக்கு வரச் சொல்லு. காளி முன்னாடி கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணட்டும். வைரஸ் நான் போடலன்னு. பண்ணா மனுவ வாபஸ் வாங்குறேன்."

கோயிலுக்குக் காலனிக் கிறிஸ்துவப் பெண் வரமாட்டாள், வராவிட்டால் குற்றம் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அவர் கணக்கு. லூர்துமேரி மகளின் கையைப் பிடித்தாள். அமலா கையை விடுவித்துக்கொண்டாள்.

"வர்றேங்கய்யா. ஆனா ஒரு கற்பூரம் இல்ல, ரெண்டு. மொதல்ல நான் அணைக்கிறேன். அப்புறம் நீங்க அணைங்க. அப்டேட்ட நிறுத்தச் சொல்லலன்னு."

பால் கேன் கழுவுகிறவன்கூடக் குழாயை நிறுத்தினான். பத்துப் பேர் முன்னால் சொன்ன வாயை மூட முடியாது. "வர்றேன்," என்றார் சுப்பராயலு.

ராத்திரி லூர்துமேரி கேட்டாள். "ஃபாதர் கேட்டா இன்னா சொல்றது?"

"சத்தியம் யார்கிட்ட பண்ணாலும் சத்தியந்தாம்மா."

"அவன் பொய் சத்தியம் பண்ணிட்டான்னா?"

"பண்ண மாட்டான். அந்தக் காளின்னா உசுரு போற பயம் அவனுக்கு."

வெள்ளிக்கிழமை இரண்டு ஷேர் ஆட்டோ திருவக்கரைக்குப் போனது. ஊர் ஆட்கள் ஒன்றில், காலனி ஆட்கள் ஒன்றில். கோயிலில் கூட்டம். எலுமிச்சம்பழ மாலையோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருக்களை யாரும் கூப்பிடவில்லை. வெளியே, சன்னதியைப் பார்த்தபடி, கல் தரையில் வெற்றிலை போட்டு இரண்டு கட்டிக் கற்பூரம் ஏற்றினார்கள்.

அமலா சத்தமாகச் சொன்னாள். "அந்த மிஷின்ல நான் வைரஸ் போடல. யாரோட பேப்பரையும் யாருக்கும் விக்கல." உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். சுட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சுப்பராயலு மேல் துண்டை இடுப்பில் கட்டினார். சன்னதியைப் பார்க்கவில்லை. அமலாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கும், வாய் குழறும், எல்லார் முன்னாலும் முடியாது என்று பின்வாங்குவார் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்டேட்ட நிறுத்தச் சொல்லி நான் சொல்லல." அடித்து அணைத்தார். ஒரே அடி.

அமலா அணைந்த கற்பூரத்தையே பார்த்தாள். இவ்வளவுதானா? காளியாவது, மாதாவாவது, நிலம் வைத்திருக்கிறவன் வாய்க்கு எது பூட்டு? காலனி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஊர் ஆட்களில் ஒருவர், சரி கெளம்பலாம் என்று செருப்பைத் தேடினார்.

அப்போது ஊர் ஆட்டோவில் கூட வந்திருந்த வீரம்மாள் முன்னால் வந்து கணவரின் கையைப் பிடித்தாள். கற்பூரக் கரி படிந்த உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா பண்ண?"

"ஏய், வாடி அந்தாண்ட."

"நீதான நிறுத்தச் சொன்ன? பால் தூக்க வச்ச கையோட வீட்டுக்கு வந்து, எமகண்டத்துல அணைக்கிறா அந்தப் பொண்ணு, நிறுத்துடான்னு ஜெகாகிட்ட கத்துனியே! பிரவீனு ஒக்காந்து நிறுத்துனான்னு சொன்னதுக்கு நல்லதுன்னியே! நான் தோச சுட்டுக்கினு அங்கதான நின்னேன்?" அவள் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "சித்ரா எட்டு மாசம்யா! இங்க வந்து இந்தக் காளி முன்னாடி பொய்ய சொல்லிட்டியே! யார் தலையில எறங்கும் அது?"

"அம்மா, சும்மா இரும்மா," என்று ஜெகதீசன் இழுத்தான். சித்ரா அவன் மனைவி. வீரம்மாள் உதறினாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் இருந்த ஓர் அம்மாள், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்க, யாரோ, பெரியவரு பொய் சத்தியம் பண்ணிட்டாராம் என்று சொன்னார்கள். அது வரிசை முழுக்கப் போனது. அப்போதுதான் சுப்பராயலு சன்னதியைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடவில்லை.

திரும்பும்போது ஊர் ஆட்டோவில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து பேசினார்கள், முகத்துக்கு நேராகவே பேசினார்கள். பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்கும் சான்றுக்கும் மறுபடி அலைந்துகொண்டிருந்தவர்கள் ஜெகதீசன் கடை ஷட்டரைத் தட்டித் திட்டினார்கள். உங்கப்பன் நேரம் பாத்ததுல எம்பொண்ணு நேரம் போச்சேடா என்று காந்திமதி என்பவள் மண்ணை வாரித் தூற்றினாள். அவள் ஊர்க்காரிதான், சுப்பராயலுவுக்குப் பங்காளி வீடு.

மூன்றாம் நாள் காலை வீரம்மாள் காலனிக்கு வந்தாள். அந்தத் தெருவில் அவள் கால் பட்டது அதுதான் முதல் தடவை. லூர்துமேரி பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள். டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். வீரம்மாள் டம்ளரைப் பார்த்தாள், லூர்துமேரியைப் பார்த்தாள், வாங்கிக் குடித்தாள். முழுசும் குடிக்கிற வரை லூர்துமேரி எதிரிலேயே நின்றாள்.

"அவுருக்குத் தூக்கம் இல்ல அமலா. கை எரியுது எரியுதுன்றாரு. கொப்புளம்கூட இல்ல, எரியுதுன்றாரு. நீ வந்து எடுத்துடும்மா."

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பொய்ச் சத்தியம் பண்ணியவன்மேல் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால், யாருக்கு எதிராகப் பண்ணினானோ அவர்களே தங்கள் கையால் அவன் நெற்றியில் திருநீறு வைத்து, எடுத்துட்டேன் என்று சொல்ல வேண்டும். சாமியே வந்தாலும் வேறு கையால் ஆகாது. காலனிக்காரி கை சுப்பராயலுவின் நெற்றியில் பட வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"அவுரு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கட்டும். அப்டேட்ட நிறுத்துனது நாங்கதான், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு. குடுத்தா வர்றேன்."

"குடுக்கச் சொல்றேன். சத்தியமா வருவியா?"

"சத்தியம்லாம் எதுக்குங்க? அதான் பாத்தமே," என்றாள் அமலா.

சுப்பராயலு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது வலது கை வலிக்கிறது என்று இடது கையால் பேனாவைத் தாங்கிக்கொண்டாராம். மனு வாபஸ் ஆனது. போலீஸ் சான்று வந்தது. அமலா விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வெள்ளிக்கிழமை வீரம்மாள் ஆள் அனுப்பினாள். வர்றேன்னு சொன்னேன், என்னிக்குன்னு சொல்லலியே என்று அமலா சொல்லி அனுப்பினாள்.

பாவம் அந்தம்மா, டீ குடிச்சாளேடி என்று லூர்துமேரி சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். லூர்துமேரி திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். புழுதி அப்பிய முகத்தோடு வந்து கை கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வைக்காத. நான் சாவுற வரைக்கும் வைக்காத."

சித்ராதான் போனில் அழுதாள். பெரிய பெரிய கண்ணோடு கடைக்கு வந்து, அக்கா எனக்கு ரேஷன் கார்டுல பேர் சேத்துக் குடுங்க என்று கேட்ட பெண் அவள். "அக்கா, எனக்கு பயமா இருக்குதுக்கா. டேட் நெருங்குது. வீட்ல ஆளாளுக்கு என் வயித்தயே பாக்கறாங்க."

அமலா விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஓரமாக ஒதுங்கி நின்றாள். "சித்ரா, கேளு. உனக்கு ஒண்ணும் ஆவாது. கற்பூரம் பட்டா சுடும், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. மாத்திரைய ஒழுங்கா சாப்புடு, டாக்டர் சொன்ன அன்னிக்கு போ. ராத்திரி பயமா இருந்தா எனக்கு போன் பண்ணு, எடுப்பேன்."

"அப்போ இதெல்லாம் பொய்யாக்கா?"

"பொய்தான். ஆனா உங்க மாமனார்கிட்ட சொல்லாத."

சித்ரா உடனே, "சொல்ல மாட்டேன்க்கா," என்றாள். அவளுக்கும் மாமனாரிடம் ஏதோ கணக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆண் குழந்தை, மூன்று கிலோ, சுகப்பிரசவம். ஊரே இனிப்பு சாப்பிட்டது. அப்போது அது பிள்ளைமேல் இறங்கவில்லை, என்மேல்தான் வைத்திருக்கிறாள் காளி என்று சுப்பராயலு முடிவு பண்ணிக்கொண்டார். சோறு இறங்காமல் போயிற்று. கழுத்து எலும்பு தெரிந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றதும் இன்னும் பயந்துபோனார். கடையில் வேறு பெண், வேறு மிஷின். அது எத்தனை மணிக்கு அணைகிறது, எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆவணியிலிருந்து அவரே வரத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், விழுப்புரத்திலிருந்து அமலா திண்டிவனத்தில் மாறி வரும் ஆறரை மணி பஸ்ஸுக்கு. ஸ்டாப்பிங்கில் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்திருப்பார். கையில் மடித்த பேப்பரில் திருநீறு. அமலா இறங்கி நடந்துவிடுவாள். முதல் இரண்டு வாரம் அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாவது வாரம், ஏ புள்ள என்றார். அவள் நிற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். பஸ்ஸை விட்டு அவள் இறங்கியதும் சுப்பராயலு எழுந்து வந்து வழியில் நின்றார்.

"அமலா. அம்மா. இன்னிக்காவது வச்சிட்டுப் போம்மா."

டீக்கடை முழுக்கப் பார்த்தது. அவர் பேப்பரைப் பிரித்து நீட்டினார். பிறகு, அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்குத் தலையைக் குனிந்தார். உச்சியில் முடி கொட்டி, தோல் சுருங்கி, தூறல் ஈரம் பட்டுப் பளபளத்தது. ஒரு விரல் போதும். ஒரு நொடி போதும். அவள் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. தூறல் திருநீற்றில் விழுந்து அது சேறாகிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை.

"இந்த வாரம் வேணாங்கய்யா," என்றாள் அமலா. "அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் வச்சிடுவியாம்மா?"

"பாக்கலாம்."

குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் லூர்துமேரி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மகளுக்குத் தட்டு வைத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"வந்தானா?"

"வந்தாரு. குனிஞ்சாரு."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"அடுத்த வாரம்னேன்."

லூர்துமேரி சட்டியில் துழாவி, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து மகளின் தட்டில் போட்டாள்.

"சாப்புடு," என்றாள்.